ஆண்மைச் சத்து மாத்திரைகள் பலன் தருமா? வாசகர் கேள்விகளும் மருந்தாளர் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை "இயற்கையாகவே" கூட்டும் என்று விற்கப்படும் மாத்திரையும் கோப்பியும் பொடியும் சொன்னபடி வேலை செய்யுமா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டுக்கொண்டிருப்பதால் பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 46. செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை செய்கிறேன். ஓராண்டாகவே உடம்பு அசதியாக இருக்கிறது. மனைவியிடம் நாட்டமும் குறைந்துவிட்டது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர், தொங்காட் அலி என்ற மூலிகை வேர், நெருஞ்சில், துத்தநாகம் எல்லாம் சேர்ந்தது என்று சொல்லி 3 டப்பா மாத்திரையை 189 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொடுத்தார். முதல் வாரம் தெம்பு வந்ததுபோல் இருந்தது. இப்போது ஒன்றையும் காணோம். மீதி இரண்டு டப்பாவையும் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் தங்கள் கடிதத்தில் மாத்திரையைவிட முக்கியமான செய்திகள் இருக்கின்றன.

டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தீர்மானிக்கிறது. இரத்தத்தில் அளவு குறைந்தால் அது கூடுதலாகச் சுரக்கும்படி விரைகளைத் தூண்டும். அளவு போதுமென்றால் தூண்டுதலைத் தானே குறைத்துக்கொள்ளும். கூரைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் மிதவை குழாயை அடைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஆகவே குறைபாடு இல்லாத ஒருவருக்கு வெளியிலிருந்து எதையாவது கொடுத்து அளவை ஏற்றி, ஏறிய அளவிலேயே நிறுத்தி வைப்பது எளிதான காரியம் அன்று.

தாங்கள் வாங்கிய மாத்திரையில் இருப்பதாகச் சொல்லப்படும் சரக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நெருஞ்சிலின் புகழ் பல்கேரிய நாட்டுப் பளுதூக்கும் வீரர்கள் அதைச் சாப்பிட்டார்கள் என்ற பேச்சிலிருந்து பரவியது. பிற்பாடு இளைஞர்களிடமும் விளையாட்டு வீரர்களிடமும் முறையாகச் சோதித்தபோது அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டவில்லை. துத்தநாகத்தின் கதை வேறு. 1996ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், துத்தநாகம் குறைவான உணவை 20 வாரம் உண்ட இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 39.9 நானோமோலிலிருந்து (இரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் அலகு) 10.6க்கு இறங்கியது, இலேசான துத்தநாகக் குறைபாடு உள்ள முதியவர்களுக்கு 6 மாதம் மாத்திரை கொடுத்தபோது 8.3லிருந்து 16க்கு ஏறியது. இதைத்தான் விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள், ஆனால் குறைபாடு என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். இறைச்சி, முட்டை, பருப்பு, கடலை உண்பவருக்குத் துத்தநாகப் பற்றாக்குறை வருவது அரிது. பற்றாக்குறை இல்லாதவருக்கு மாத்திரையால் ஏற்றமும் இல்லை. நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் உடம்பில் செம்புச் சத்து குறையவும் கூடும்.

தொங்காட் அலியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மூன்றிலும் ஓரளவு ஆதாரம் உள்ளது அதற்குத்தான். 2022ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏற்கெனவே நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, குறிப்பாக அளவு குறைந்திருந்த ஆண்களிடம், மொத்த டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது என்று கண்டது. ஆனால் அந்தச் சோதனைகள் சிறியவை. பயன்படுத்தியது தரப்படுத்தப்பட்ட வேர்ச்சாறு. பசார் மாலாமில் வாங்கிய மாத்திரைக்குள் எந்தச் சாறு எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021ல் இந்த வேர்ச்சாற்றை ஆராய்ந்துவிட்டு, மரபணுவைச் சேதப்படுத்தும் சாத்தியம் ஆய்வுக்கூடச் சோதனையில் தென்பட்டதால் இதன் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்று கூறிவிட்டது. நம் காட்டு மூலிகை என்ற பெருமை எனக்கும் உண்டு. அதற்காக அந்த முடிவை மறைத்துவைக்க முடியாது.

பல சரக்குகளைக் கலந்து விற்கும் மாத்திரைகளைப் பற்றிப் பொதுவாகவும் ஒரு கணக்கு இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்பட்ட 50 தயாரிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்து, அவற்றில் இருந்த 109 சரக்குகளுக்கும் ஆதாரம் தேடினார்கள். கால் பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றுக்கே கூட்டும் என்பதற்கு ஏதோ ஓர் ஆதாரம் கிடைத்தது. 61.5 விழுக்காட்டுக்கு எந்தத் தரவுமே இல்லை. சுமார் 10 விழுக்காடு அளவைக் குறைக்கக்கூடியவை என்று தெரியவந்தது. காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ளும் வழியும் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வாரம் தெம்பு வந்ததாகச் சொல்கிறீர்கள். அது பொய்யில்லை. நம்பிக்கையோடு ஒன்றைத் தொடங்கும்போது உடம்பும் மனமும் கொஞ்சநாள் ஒத்துழைக்கும். வெறும் மாவு மாத்திரை கொடுத்துச் செய்யும் சோதனைகளிலும் இந்த முன்னேற்றம் காணப்படுகிறது. அது தேய்ந்த பிறகு மீதமிருப்பதுதான் மருந்தின் உண்மையான பலன். தங்கள் விஷயத்தில் மீதம் ஒன்றுமில்லை என்று தாங்களே எழுதிவிட்டீர்கள்.

இனி ஷிப்டு வேலைக்கு வருகிறேன். 2011ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே தூங்க வைத்தார்கள்; அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்பி, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வெயில் அடிக்கும் தகரக் கூரையின்கீழ் அரைத்தூக்கம் தூங்கிவிட்டு மாலையில் பகுதிநேர வேலைக்கும் போகிறவர்களை நான் நாள்தோறும் கடையில் பார்க்கிறேன். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் தூக்கக் கடன். தாங்கள் பலமாகக் குறட்டை விடுபவரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதைத் தங்கள் மனைவியிடம் கேளுங்கள். அப்படியானால் அது தனியாகச் சிகிச்சை பெற வேண்டிய நோய்.

அடுத்தது இனிப்புநீர். 2019ன் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அதிலும் இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொப்பையும் அதே வேலையைச் செய்கிறது. உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்த ஆண்களுக்கு அளவு சராசரியாக 2.9 நானோமோல் ஏறியதாக 2013ன் தொகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. இந்த ஏற்றத்துக்கு அருகில் வரும் மாத்திரை எதையும் நான் விற்றதில்லை.

எனவே மீதி இரண்டு டப்பாவையும் ஓரமாக வைத்துவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். 1 ரிங்கிட் கட்டணத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். அசதியோடு நாட்டமும் குறைந்திருப்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால், தேவைப்படும் பட்சத்தில் அவர் டெஸ்டோஸ்டிரோன் சோதனைக்கு எழுதிக்கொடுப்பார். அந்தச் சோதனையைக் காலையில், வெறும் வயிற்றில் செய்ய வேண்டும், ஏனெனில் அளவு காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஒரு தடவை குறைவாக வந்தால் வேறொரு நாள் மீண்டும் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. காய்ச்சல் கண்ட நாளிலும், இரவு ஷிப்டு வாரத்திலும் எடுத்தால் கணக்குத் தப்பும். பகல் ஷிப்டுக்கு மாறிச் சில இரவுகள் ஒழுங்காகத் தூங்கிய பிறகு எடுப்பது நல்லது. பொதுவாக 12 நானோமோலுக்கு மேல் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் காரணமில்லை என்று கொள்ளலாம். 8க்குக் கீழே இருந்தால் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசுவார். இடைப்பட்டதென்றால் அறிகுறிகளை வைத்து அவர் முடிவு செய்வார். வயதானால் எல்லாருக்கும் இது வரும் என்று விளம்பரம் பயமுறுத்தினாலும், 40 முதல் 79 வயது வரையிலான ஐரோப்பிய ஆண்களை ஆராய்ந்து 2010ல் வெளியிடப்பட்ட ஆய்வு, அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்தே இருந்தவர்கள் 2 விழுக்காடு அளவில்தான் என்று கண்டது.

கேள்வி: வணக்கம். என் கணவருக்கு 58 வயது. முன்பு பால்மரம் சீவினார். இப்போது காவல் வேலை. இனிப்புநீருக்கும் இருதயத்துக்கும் மருந்து சாப்பிடுகிறார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் பையில் எப்போதும் இருக்கும். நண்பர் ஒருவர் கொடுத்த மூலிகைக் கோப்பியைச் சில மாதங்களாகக் குடிக்கிறார். குடித்த அன்று அவருக்குப் "பழையபடி" இருக்கிறது என்கிறார். முகம் சிவந்து தலைவலியும் வருகிறது. இயற்கைதானே என்று சொல்லிக் கேட்க மறுக்கிறார். இதனால் ஆபத்து உண்டா?

பதில்: சகோதரி, உண்டு. இந்தப் பத்தியை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மூலிகை எதுவும் குடித்த அன்றே அப்படி வேலை செய்யாது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை ஊசியாகவே கொடுக்கப்பட்டாலும் பலன் தெரிய வாரங்கள் ஆகும். குடித்த சில மணி நேரத்துக்குள் விறைப்பு வருவதும், முகம் சிவப்பதும், தலைவலி வருவதும் சில்டெனாஃபில் என்ற இரசாயன மருந்துக்கோ அதன் உறவுக்கார இரசாயனத்துக்கோ உரிய அடையாளங்கள். ஆண்மைக்கென்று விற்கப்படும் மூலிகைப் பொருட்களில் இவை சொல்லாமல் கலக்கப்படுவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2017ல் அமெரிக்காவில் தொங்காட் அலி சேர்த்த உடனடிக் கோப்பி ஒன்று இப்படிப்பட்ட கலப்பினால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. "நன்றாக வேலை செய்கிறது" என்று வாடிக்கையாளர் சொல்லும் கோப்பியைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். வேலை செய்யாத கோப்பியால் காசு மட்டுமே போகும்.

அவர் பையில் இருக்கும் நாக்கடி மாத்திரை நைட்ரேட் வகை. அதுவும் சில்டெனாஃபிலும் ஒன்றாகச் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில் எடுத்தவருக்கு 24 மணி நேரமும், அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபில் எடுத்தவருக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக்கூடாது என்பது மருத்துவ விதி. கோப்பியில் இருப்பது எது என்றே தெரியாத நிலையில் நெஞ்சுவலி வந்து அவர் அந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தால் என்னவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள். நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் வெட்கப்படாமல், முதல் வார்த்தையாகவே, கோப்பி குடித்த செய்தியைச் சொல்லிவிட வேண்டும். காலிப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

கலப்படம் இந்த ஒரு மருந்தோடு நிற்பதில்லை. 2008ன் முதல் 5 மாதங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் 149 பேர் சர்க்கரை மிகக் குறைந்து சேர்க்கப்பட்டார்கள். விசாரித்துப் பார்த்தபோது அவர்களில் பலர் சட்டவிரோதமான ஆண்மை மருந்து சாப்பிட்டிருந்தார்கள். அதற்குள் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து ஏராளமாக இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். தங்கள் கணவர் ஏற்கெனவே சர்க்கரை மருந்து சாப்பிடுபவர் என்பதால் இதை விளக்க வேண்டியதில்லை.

விறைப்புக் குறைவு அவருக்கு இருப்பது உண்மையாகவே இருக்கலாம், அது வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை. நீரிழிவு இரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுப்பதால் வருவது அது. பெரும்பாலோருக்கு டெஸ்டோஸ்டிரோனுக்கு அதில் பங்கு குறைவு. அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். நைட்ரேட் எடுப்பவருக்கு ஏற்ற வழி எது என்பதை அவர்தான் சொல்ல முடியும். அந்தக் கோப்பி இன்றோடு நிற்க வேண்டும்.

கேள்வி: சார், எனக்கு 23 வயது. ஜிம்முக்குப் போகிறேன். டி-அஸ்பார்ட்டிக் அமிலப் பொடி வாங்கலாமா? அல்லது கூட்டாளி சொல்வதுபோல் நேராக ஊசியே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பொடியால் பயனில்லை, தம்பி. 2009ல் இத்தாலியர்கள் செய்த ஓர் ஆய்வில் 12 நாளில் டெஸ்டோஸ்டிரோன் 42 விழுக்காடு ஏறியது என்று வந்த செய்தியை வைத்துத்தான் இன்றுவரை விற்கிறார்கள். 2015ல் ஆஸ்திரேலியாவில், உன்னைப் போல் பளு தூக்கிப் பழகிய இளைஞர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது நாளுக்கு 3 கிராமில் மாற்றமில்லை. 6 கிராமில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது.

ஊசி கண்டிப்பாகத் தசையைக் கூட்டும், அதனால்தான் அது ஆபத்து. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் தூண்டுதலை நிறுத்திவிடும்; விந்தணு உற்பத்தி படுத்துவிடும். 1990ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதிக்கப்பட்டது. ஜிம்மில் கைமாறும் அளவு பல சமயம் இதைவிட அதிகம். நிறுத்திய பிறகு விந்தணு திரும்பப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்பது இங்கே சட்டப்படி குற்றம் என்பதையும் உன் கூட்டாளியிடம் சொல். 23 வயதில் ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கி, பளு தூக்கினால் தசை வளரும். அந்த வயதில் உடம்பே ஊசி போடுகிறது.

கேள்வி: பாட்டி காலத்து வெந்தயம், முருங்கை, அமுக்கரா (அஸ்வகந்தா) இவற்றுக்கும் பலன் இல்லை என்பீர்களா?

பதில்: சாப்பாட்டில் அவை இருக்கட்டும். முருங்கையைப் பற்றி டெஸ்டோஸ்டிரோன் தொடர்பாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் எலிகளிடம் செய்த ஆய்வுகள். கீரையாக அது நல்ல உணவு, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வெந்தயச் செறிவுச் சாறு சில சோதனைகளில் சிறிது ஏற்றம் காட்டியிருக்கிறது. ஆனால் அவற்றில் பல, சாற்றை விற்கும் நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. மோரில் ஊறவைத்த ஒரு கரண்டி வெந்தயத்துக்கும் அந்தச் சாற்றுக்கும் முடிச்சுப் போடக்கூடாது.

அமுக்கரா இவற்றுள் கவனிக்கத்தக்கது. 2019ல், பருமனான 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடந்த சோதனையில், வெற்று மாத்திரை எடுத்த காலத்தைவிட அமுக்கராச் சாறு எடுத்த காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் 14.7 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதே ஆய்வில் சோர்விலோ சுறுசுறுப்பிலோ தாம்பத்திய நலத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை. விளம்பரத்தில் முதல் வாக்கியம் மட்டும் வரும். 14 நானோமோல் உள்ளவருக்கு அது 16 ஆவதால் அவர் உணரப்போவது ஒன்றுமில்லை. ஒரே மனிதருக்குக் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே அவ்வளவு வேறுபடும். அமுக்கராச் சாறு சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருப்பது பதிவாகியுள்ளது. டென்மார்க் 2023ல் அதைத் தடை செய்தது. தைராய்டு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சம்சு குடித்துக் கல்லீரலை ஏற்கெனவே வருத்தி வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்; மதுவே டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பது என்பதால், அவர்கள் வாங்க வேண்டியதைவிட விட வேண்டியதே முதலில் வருகிறது.

கேள்வி: டப்பாவில் "மால்" எண் இருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: எண் இருப்பது நல்ல அடையாளம், ஆனால் அது பலனுக்கான சான்றிதழ் இல்லை. சுகாதார அமைச்சின்கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பதிவு செய்த பொருளுக்கு "மால்" (MAL) என்ற எழுத்துகளுக்குப் பிறகு 8 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். "டி" (T) என்றால் பாரம்பரிய மருந்து, "என்" (N) என்றால் சத்துப் பொருள். பாரம்பரிய மருந்தைப் பதியும்போது பாதுகாப்பும் தரமும் பார்க்கப்படுகின்றன. டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறதா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. கோப்பி போன்ற கலவைகள் பல உணவாகவே வகைப்படுத்தப்படுவதால் அவற்றுக்கு இந்த எண்ணே இராது. எண்ணைப் போலியாக அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் எண்ணைத் தட்டி, வரும் பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆண்மைக் குறைவைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1956ன் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அந்த வாசகத்தை ஒலிபெருக்கியில் கூவி விற்பவரிடம் எண்ணைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. சந்தேகமான டப்பாவைக் குப்பையில் போடாமல் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் மருந்தகத்தில் காட்டினால், அமலாக்கப் பிரிவுக்கு எப்படிப் புகார் செய்வது என்று சொல்வார்கள்.